கூரையிலிருந்து 19 டன் சிமெண்டை இறக்கினோம்: ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய பேப்பர் கடையின் மராமத்து

எங்கள் கடை ஜார்ஜ் டவுனில், பாரிமுனைக்குப் பின்னால் பேப்பர் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. 22 அடி அகலம், நல்ல நீளம். கீழே கடை, மேலே குடோனும் ஆபீஸும், நடுவில் ஒரு முற்றம். பத்திரங்களில் கிடைக்கும் பழைய தேதி 1912. கறுப்பர் நகரம் என்று இருந்த பகுதிக்கு ஜார்ஜ் மன்னரின் பெயர் வந்தது அதற்கு முந்தைய வருடம்தான். ஒன்றரை அடி கனத்தில் சுண்ணாம்புச் சுவர், 14 அடி உயரத்தில் பர்மா தேக்குக் கட்டைகள் மேல் மெட்ராஸ் டெரஸ் கூரை. இப்படிப்பட்ட கட்டடத்தில் கோடையில் மூன்று ஏசி ஓடியும் மாடியில் உட்கார முடியவில்லை. 2022 மே மாத ரீடிங்கில் இரண்டு மாதத்துக்கு 3,840 யூனிட் வந்தது. அப்பா அந்த ரசீதைக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்துவிட்டு, “தாத்தா காலத்தில் மாடியில் ஒரே ஒரு ஃபேன்தான் இருந்தது” என்றார். அங்கிருந்து தொடங்கிய வேலை இது.

முதலில் புது ஏசி வாங்கலாம் என்றுதான் கிளம்பினேன். கடைக்கு வந்து பார்த்த ஏசிக்காரர் இன்னும் இரண்டு டன் கூட்ட வேண்டும் என்றார். சரி, வாங்குவதற்கு முன்னால் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம் என்று, குறிவைத்தால் வெப்பம் காட்டும் சின்னத் துப்பாக்கி ஒன்று வாங்கினேன். அக்னி நட்சத்திரத்தில் ஒரு வாரம், தினமும் பிற்பகலில் ஒரே இடங்களை அளந்து நோட்டில் எழுதினேன். மொட்டை மாடித் தளம் 61 டிகிரி. ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே காற்றே அனல். கூரையின் அடிப்பக்கம் 42. சுவரோ 33, 34 தாண்டவில்லை. வெயில் பக்கவாட்டில் வரவில்லை, தலைவழியாக இறங்குகிறது என்பது அந்த நோட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மூன்று ஏசியின் வெளி யூனிட்டுகளும் முற்றத்தில் இருந்தன. மழைச்சாரல் வருகிறது என்று 90களில் முற்றத்துக்கு மேல் ஃபைபர் ஷீட் போட்டு மூடியிருந்தோம். ஆக, மூன்று யூனிட்டும் தாங்கள் ஊதித் தள்ளிய அனலையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் 47 டிகிரி. அறையின் சூட்டை வெளியே கொட்ட வேண்டிய இயந்திரம் அடுப்புக்குள் நின்று வேலை செய்கிறது. அதற்கு எத்தனை டன் கூட்டினாலும் யூனிட்தான் ஏறும்.

கட்டுமானம் படித்த உறவினர் ஒருவர் காரைக்குடிப் பக்கத்து மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தார். அறுபது வயதுக்காரர். சுண்ணாம்பு வேலை மட்டும்தான் செய்வார். மாடிக்குப் போனவர் ஒரு மரக்கட்டையால் தளத்தைத் தட்டிக்கொண்டே இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். “தம்பி, மேல சிமெண்டு போட்டிருக்கீங்களா?” போட்டிருந்தோம். பதினைந்து வருடத்துக்கு முன் கூரை ஒழுகியபோது வந்த காண்ட்ராக்டர், பழைய தட்டோட்டின் (தட்டையான சுட்ட ஓடு) மேலேயே இரண்டு அங்குலம் சிமெண்ட் கலவை போட்டு, அதன் மேல் தார் ஷீட் ஒட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் இரண்டு வருடம் ஒழுகவில்லை. அவரை நல்ல வேலைக்காரர் என்று நாங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மேஸ்திரி ஒரு பேப்பர் பண்டலின் உறையைக் கிழித்து அதன் பின்பக்கம் கணக்குப் போட்டார். பதினேழரைச் சதுரம் கூரை (ஒரு சதுரம் நூறு சதுர அடி), இரண்டு அங்குலம் கனம், ஏறக்குறைய 290 கன அடி, கன அடிக்கு 65 கிலோ. 19 டன் வந்தது. நூறு வயது தேக்குக் கட்டைகளின் தலையில் 19 டன் ஏற்றிவைத்துவிட்டு, கீழே ஏசிக்காரரை அழைத்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மெட்ராஸ் டெரஸ் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குக் கட்டை. அவற்றின் மேல், ஒரு அங்குலம் கனமே உள்ள சின்னச் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, சுவருக்கு மூலைவாட்டாக, சுண்ணாம்புக் கலவையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவார்கள். சென்ட்ரிங் (கீழே முட்டுக் கொடுக்கும் பலகை) கிடையாது, கம்பி கிடையாது. கலவையின் பிடிப்பிலேயே செங்கல் அந்தரத்தில் நிற்கும். அதன் மேல் மூன்று அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி அடித்து இறுக்குவது. அதற்கும் மேல் தட்டோடு. இந்திய தர நிறுவனம் இந்த முறைக்கென்றே ஐ.எஸ். 2119 என்று ஒரு விதிநூல் வைத்திருக்கிறது. 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்த சேப்பாக்கம் கலச மஹாலைப் பொதுப்பணித் துறை மீட்டெடுத்ததும் சுண்ணாம்பை வைத்துத்தான். அதனால் இது செத்துப்போன கலை இல்லை. ஆள்தான் குறைவு.

எங்கள் கட்டடம் 2010 உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி வந்த பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. இருந்திருந்தால் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவிடம் போயிருக்க வேண்டும். பட்டியலில் இருக்கிற இடம் வைத்திருப்பவர்கள் கை வைப்பதற்கு முன்பே அங்கே போய்விடுங்கள்.

2022 டிசம்பரிலேயே பின்கட்டில் தொட்டி கட்டி கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றத் தொடங்கினோம். சுட்ட கிளிஞ்சலைத் தண்ணீரில் போட்டதும் தொட்டி கொதித்துப் பொங்கும், பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. அடங்கியபின் சலித்து, மேலே எப்போதும் ஒரு சாண் தண்ணீர் நிற்கும்படி விட்டுவிட வேண்டும். நாள் ஆக ஆக வெண்ணெய் போலப் பதம் வரும். பொங்கல் முடிந்து, கூரையைப் பாதி பாதியாகத் திறந்தோம். மழை இல்லாத நாலு மாதம்தான் கையில் இருந்தது.

சிமெண்டை உடைக்க டிரில் மிஷின் வைக்கக் கூடாது என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதிர்ச்சியில் கீழே செங்கல் உதிர்ந்துவிடும். உளியும் சுத்தியலும்தான். சாக்குச் சாக்காகக் கட்டி இறக்கினோம். பகலில் எங்கள் தெருவில் ஒரு லோடு ஆட்டோகூட ஐந்து நிமிடம் நிற்க முடியாது. எல்லா இடிபாடும் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் போனது.

பிப்ரவரியில் ஒருநாள் மேஸ்திரி என்னை மேலே கூப்பிட்டார். மேற்குச் சுவரோரம் ஜல்லியைச் சுரண்டி எடுத்திருந்தார். தேக்குக் கட்டையின் முனை சுவருக்குள் நுழையும் இடம் தெரிந்தது. அரை அங்குல உளியை அதன் மேல் வைத்துக் கையால் அழுத்தினார், தட்டவில்லை. உளி கைப்பிடி வரை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது நுனியில் ஈரமான மரத்தூள், காபித் தூள் நிறத்தில். நனைந்த சாக்கு வாடை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தக் கட்டைக்கு நேர் கீழே ஆர்ட் பேப்பர் அடுக்கியிருக்கிறது, இரண்டு பையன்கள் தினமும் அங்கே நின்று எண்ணுகிறார்கள். அவர் ஓர் அடி தள்ளி அதே கட்டையில் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தார். உளி எகிறியது. “பாத்துக்கங்க தம்பி. கட்டை சாகல. முனைதான் போயிருக்கு. தண்ணி உள்ள போச்சு, வெளிய வர வழியில்ல.”

தார் ஷீட் வெடித்த இடத்தில் நுழைந்த மழைத் தண்ணீர் சிமெண்டுக்குக் கீழே மாட்டிக்கொண்டது. சுண்ணாம்பு ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். மேலே தார் இருந்ததால் விட முடியவில்லை. சுவரின் உள்பக்கமும் சிமெண்ட் பூச்சு. அந்தப் பக்கமும் வழி அடைத்திருந்தது. மிஞ்சியது மரம்தான். ஈரம் முழுக்க அதற்குள் போயிருக்கிறது. குடோனின் மேற்குச் சுவரில் உப்பு பூத்து பெயிண்ட் உரிந்துகொண்டே இருந்ததற்கும், அந்தப் பக்கம் வைத்த தாள் மட்டும் ஓரம் சுருண்டு அலை அலையாக நின்றதற்கும் இதுதான் காரணம். தாளைத் தயாரித்த மில்லைக் குறை சொல்லி எத்தனை ரீம் திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

மொத்தம் 92 கட்டைகளில் 11க்கு முனை போயிருந்தது. முழுக்கட்டையை மாற்றவில்லை. கெட்ட பகுதியை அறுத்துவிட்டு, இடிந்த வீடுகளில் கழிந்து வந்த பழைய தேக்கில் துண்டு வெட்டி, நாக்கும் பள்ளமுமாகச் சேர்த்து, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டோம். சுவருக்குள் போகும் முனையைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டார் மேஸ்திரி. பழைய கட்டைகளுக்கும் அந்த இடைவெளி இருந்திருக்கிறது. சிமெண்ட் பூசியபோது அதையும் சேர்த்து அடைத்திருக்கிறார்கள்.

மார்ச்சில் ஜல்லி போட்டோம். 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு பன்னிரண்டரைப் பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது. பொதுப்பணித் துறைக் கணக்கும் இதுதான். நொறுக்கிய கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய தண்ணீர் இரண்டு டிரம் தயாராக இருந்தது. மூன்றாம் நாளே புளித்து வாடை தெரு வரை போய்விட்டது. எதிர்க்கடைக்காரர் வந்து என்னவென்று விசாரித்தார், அப்புறம் தினமும் மாலையில் மாடிக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். எட்டுப் பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கைப்பிடி வைத்த தட்டுக்கட்டையால் ஒரே தாளத்தில் அடிப்பார்கள். அடித்துக்கொண்டே கடுக்காய்த் தண்ணீரைத் தெளிப்பார்கள். முதல் நாள் கட்டை விழும்போது ‘சொத்’ என்று சத்தம். நாலாம் நாள் சத்தம் மாறியது. ஏழாம் நாள் கட்டை விழுந்த வேகத்தில் மேலே துள்ளியது. அப்படித் துள்ள ஆரம்பித்தால்தான் நிறுத்தலாம். அந்த ஏழு நாளும் நான் கல்லாவில் உட்கார்ந்து மேலிருந்து வரும் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கழற்றிய பழைய தட்டோடுகளில் முக்கால்வாசி நல்லதாகவே இருந்தன. சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த கலவையில் அவற்றையே திரும்பப் பதித்தோம். பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம். அதன் மேல் என்ன என்பதில் ஒரு வாரம் வாக்குவாதம். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்ட் அடிக்கலாம் என்றார் உறவினர். சிமெண்ட் கூரைக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ரப்பர் போல மூடிக்கொள்ளும் எந்தப் பூச்சும் இந்தக் கூரையை மறுபடி மூச்சடைக்க வைத்துவிடும். வெள்ளைப் பீங்கான் சில்லு பதித்தால் பாரம். கடைசியில் அதே தொட்டிச் சுண்ணாம்பைக் கரைத்து மூன்று கை அடித்தோம். வருடா வருடம் மாசி மாதத்தில் இன்னொரு கை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். 2023 மே மாதம் அதே துப்பாக்கி, அதே நேரம், அதே இடங்கள். தளம் 43, கூரையின் அடிப்பக்கம் 36. ஏசி இன்னும் மாட்டவே இல்லை.

ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றியபோது, கூரைக்கு ஓர் அடி கீழே சுவர் முழுக்க வரிசையாக வெண்டிலேட்டர்கள் இருந்ததைப் பார்த்தோம். ஒரு பக்கத்துக்கு ஏழு. எல்லாவற்றையும் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். ஏசிக் காற்று போகாமல் இருக்க நாங்களே சொல்லிச் செய்ததுதான் என்று அப்பா சொன்னார். 14 அடி உயரம் என்பது சூடான காற்று மேலே ஏறி அந்த ஓட்டைகள் வழியே போவதற்காக வைத்தது. வழியை அடைத்துவிட்டால் அந்த உயரம் சூட்டைச் சேர்த்து வைக்கும் பெட்டிதான். பதினாலையும் திறந்து இரும்புக் கம்பியும் வலையும் போட்டோம். வலையை ஒரு வாரம் கழித்துப் போடலாம் என்று விட்டது தவறு. அந்த ஒரு வாரத்தில் புறாக்கள் குடோனுக்குள் நுழைந்து இரண்டு ரீம் ஐவரி போர்டைப் பாழாக்கின.

முற்றத்தின் ஷீட்டை எடுத்துவிட்டு, கடப்பா கல் தரையில் தண்ணீர் வடிய வாட்டத்தைச் சரிசெய்தோம். வாசல் ஷட்டரின் மேல் இரண்டடியைக் கம்பி வைத்ததாக மாற்றினோம். இப்போது ராத்திரி கடை பூட்டியிருக்கும்போதும் தெருப்பக்கக் காற்று உள்ளே வந்து முற்றம் வழியாக மேலே போகிறது. முன்பெல்லாம் பகல் முழுக்கச் சூட்டை வாங்கிய ஒன்றரை அடிச் சுவர், ராத்திரி அதை மூடிய கடைக்குள்ளேயே விட்டுக்கொண்டிருந்தது. காலையில் ஷட்டரைத் தூக்கினால் முகத்தில் அனல் அடிக்கும். அது நின்றுவிட்டது. பிற்பகலில் கடற்காற்று திரும்பினால் முற்றத்துப் பக்கம் கட்டி வைத்த பண்டல்களின் உறைகள் படபடக்கின்றன.

ஆனால் பேப்பர் கடையில் எல்லாவற்றையும் காற்றுக்குத் திறந்துவிட முடியாது. சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், ஆர்ட் பேப்பரும் ஸ்டிக்கர் ஷீட்டும் அதைத் தாங்காது. ஆகவே மாடியின் பின்பகுதியில் மட்டும் ஒன்பதடி உயரத்தில் மரச்சட்டமும் கண்ணாடியும் வைத்து ஒரு தனி அறை. பழைய சுவரைத் தொடாமல் அரையடி தள்ளி நிற்கிறது, நாளைக்கு வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். ஆபீஸும் அதற்குள்ளேயே. அதற்கு ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி இரண்டு, ஐந்து ஸ்டார். வெளி யூனிட்டுகள் மொட்டை மாடிச் சுவரோரம், காற்றோட்டமான நிழலில். 2020 ஜனவரியிலிருந்து எல்லா அறை ஏசியும் 24 டிகிரியில்தான் ஆன் ஆக வேண்டும் என்பது விதி. எங்களுக்கு 26 போதுமாக இருக்கிறது.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. பழைய மரக் கேசிங்குக்குள் துணி சுற்றிய ஒயர் இன்னும் உயிரோடு இருந்ததைப் பார்த்து எலெக்ட்ரீஷியன் அன்றைக்கே மெயினை இறக்கிவிட்டார். தாளும் தேக்கும் நிறைந்த இடம். முழுக்கப் புது ஒயரிங், சுவரைக் குடையாமல் மேலாப்பில் குழாய் போட்டு. கசிவு மின்சாரத்தை வெட்டும் சுவிட்சைத் தளத்துக்கு ஒன்றாகப் போட்டோம். 34 டியூப் லைட்டுக்குப் பதிலாக 22 எல்.இ.டி. முற்றத்து வெளிச்சமும் வெள்ளைச் சுவரும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. 12 ஃபேனும் பி.எல்.டி.சி. வகை. 75 வாட் இழுத்த இடத்தில் இப்போது 30 வாட். உயரக் கூரைக்கு நீளமான டவுன் ராடு கட்டாயம் வாங்குங்கள். கூரையோடு ஒட்டி மாட்டினால் காற்று தலைக்கு வந்து சேராது.

சோலார் வைக்கவில்லை. இரண்டு மணிக்கு மேல் பக்கத்து ஐந்து மாடிக் கட்டடத்தின் நிழல் எங்கள் மாடியை மூடிவிடுகிறது. கூரையிலிருந்து இறக்கிய பாரத்தை வேறு ரூபத்தில் மறுபடி ஏற்றவும் மனமில்லை. வீடுகளுக்குக் கிடைக்கும் மத்திய அரசின் சோலார் மானியம் கடைகளுக்கு இல்லை என்பதும் கணக்கில் வந்தது.

2024 மே ரீடிங் 1,720 யூனிட். அப்பா பழைய ரசீதுக்குப் பக்கத்தில் அதையும் ஒட்டினார். ஃபேனுக்குப் போட்ட பணம் இரண்டரை வருடத்தில் திரும்பிவிடும். கடைக் கட்டணத்தில் அப்போது யூனிட் ஒன்பது ரூபாய்க்கு மேல். கூரைச் செலவை மின்சார மிச்சத்தில் எடுக்க வேண்டுமென்றால் பல வருடம் ஆகும். அந்தக் கணக்கை நான் போடவில்லை. அந்த 11 முனைகளைப் பார்த்தவன், கூரைக்கான பணத்தை மின்சாரக் கணக்கில் எழுத மாட்டான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மூன்று நாள் கடைக்குப் போக முடியவில்லை. நாலாம் நாள் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்த் திறந்தேன். கீழே வாசற்படி வரை தண்ணீர் வந்து நின்றிருந்தது. நேரே மாடிக்கு ஓடி ஒவ்வொரு கட்டையாக டார்ச் அடித்துப் பார்த்தேன். 92இல் 91 காய்ந்திருந்தது. ஒன்றில் மட்டும், மேற்குச் சுவரோரம், உள்ளங்கை அளவு ஈரம். மேஸ்திரிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “பக்கத்துச் சுவரு சிமெண்டு பூச்சு தம்பி, இடுக்குல இறங்குது. பொங்கல் கழிச்சு வாரேன்” என்றார். வந்தார், அந்த இடுக்கைத் திறந்து சுண்ணாம்பால் அடைத்தார், அடுத்த மழையில் ஈரம் பாதியாகக் குறைந்தது. முழுக்கப் போகவில்லை. பக்கத்துக்காரரிடம் அவர் சுவரில் இரண்டடிச் சிமெண்டை மட்டும் எங்கள் செலவில் சுரண்டிப் பூசித் தருகிறோம் என்று கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். பின்கட்டுத் தொட்டியில் மீதிச் சுண்ணாம்பு அரைத் தொட்டிக்கு மேல் இருக்கிறது. வாரம் ஒருமுறை போய், மேலே ஒரு சாண் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.